சூட்சுமக் கண்ணும் ஐந்து கால் யானையும்

பவளக்கோட்டையை ஆண்ட மகுடவர்மருக்குப் படை பயம் கிடையாது, பஞ்ச பயம் கிடையாது. சுவரைக் கண்டால்தான் பயம். அந்தப் பயத்தை அவருக்கு ஏற்றிவிட்டவர் குப்தானந்தர்.

எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஆசாமி. "ஓவியத்தில் ஒளிந்திருக்கும் இரகசியம் எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குச் சூட்சுமக் கண் உண்டு" என்றார். அவ்வளவுதான், தனி மாளிகை, பல்லக்கு, வேளாவேளைக்கு நெய்ச்சோறு! அந்தப்புரச் சுவரில் தீட்டியிருந்த ஒரு கிளி வாயைத் திறந்திருந்தது. அதைப் பார்த்து அவர் ஏதோ முணுமுணுக்க, பாவம், சமையற்காரனுக்கு வேலை போயிற்று. கிளிக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அவையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மன்னரிடம் வேடிக்கையாகப் பேசும் உரிமை பெற்றவர் கூத்தபிரான். இந்தக் கூத்தையெல்லாம் பார்த்து அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஓவியன் மருதையன் மாட்டிக்கொண்ட அன்று அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

மருதையன் புது மண்டபச் சுவரில் மன்னரின் முடிசூட்டு விழாவைத் தீட்டியிருந்தான். பூசிய சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே தீட்ட வேண்டும். காய்ந்தால் வர்ணம் பிடிக்காது. முடித்துவிட்டு அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மன்னரின் கிரீடத்துக்கு மேலே ஒரு பல்லி ஓடிவிட்டது. கால் தடம் அப்படியே காய்ந்து நின்றது.

குப்தானந்தர் வந்தார். தடத்தைப் பார்த்தார். உடம்பெல்லாம் நடுங்கினார்.

"அரசே! இது மறையெழுத்து. 'கிரீடம் கவிழும்' என்று எழுதி வைத்திருக்கிறான் துரோகி!"

"சாமி, அது பல்லிங்க!" என்று அலறினான் மருதையன். "சுவரு ஈரமா இருந்தப்ப ஓடிருச்சுங்க!"

"சாதாரணக் கண்ணுக்குப் பல்லி. சூட்சுமக் கண்ணுக்குச் சதி."

கூத்தபிரான் குறுக்கே வந்தார். "அரசே, ஒரு பல்லியைப் பிடித்து வந்து ஈரச் சுண்ணாம்பில் ஓடவிட்டுக் காட்டட்டுமா?"

"பார்த்தீர்களா, பல்லியை ஏவிவிட்டவனும் இந்த ஓவியன்தான்!" என்றார் குப்தானந்தர்.

மன்னர் அதற்கும் தலையாட்டினார். சதியைத் தீட்டியவனின் கட்டைவிரல்கள் இரண்டையும் மறுநாள் உச்சிவேளைக்குள் வெட்டிவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"விரல் போனா தூரிகையை எதால பிடிப்பேன்? எம் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?" என்று மருதையன் கூத்தபிரானின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். உண்மையைச் சொல்லிக் குப்தானந்தரை மடக்க முடியாது, அவர் வாயாலேயே அவரை மாட்டவைக்க வேண்டும் என்று கூத்தபிரான் தீர்மானித்தார்.

பவளக்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பூசிய சுவரில் முதல் கோட்டினை அரசர்தான் தம் கையால் காவி தொட்டுப் போட வேண்டும். பிறகுதான் ஓவியன் அதன்மேல் தீட்டுவான். வெளியூர்க்காரரான குப்தானந்தருக்கு இது தெரியாது. மறுநாள் விடிந்ததும் மண்டபத்தின் அடுத்த சுவரைப் பூசச் சொல்லிவிட்டு, கூத்தபிரான் மன்னரை அழைத்து வந்தார்.

"அரசே, உங்கள் கைவண்ணத்தை ஒரு கோட்டோடு ஏன் நிறுத்த வேண்டும்? முழு யானையாகவே வரைந்துவிடுங்களேன்!"

மன்னருக்குக் கொள்ளை மகிழ்ச்சி. நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தார். என்ன வரைந்தார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

"அற்புதம்! இதன் பெருமையைக் குப்தானந்தர் வாயால் கேட்போம். வரைந்தது யார் என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் அது முகஸ்துதி ஆகிவிடும்" என்றார் கூத்தபிரான்.

குப்தானந்தர் வந்தார். மருதையன்தான் கடைசியாக ஏதோ கிறுக்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

"ஐயையோ! வயிறு ஊதிய பன்றி!"

மன்னரின் புன்னகை பாதி கழன்றது.

"நாட்டையே தின்று கொழுத்தவர் நம் அரசர் என்கிறான். கால்களைப் பாருங்கள், ஐந்து! எதிரி நாடு ஐந்தோடு கூட்டுச் சேர்ந்துவிட்டான்."

"அது வால்" என்றார் மன்னர்.

"சாதாரணக் கண்ணுக்கு வால், அரசே."

கூத்தபிரான் பணிவே உருவாக நின்றார். "சுவாமி, வரைந்தவன் எப்படிப்பட்டவன் என்றும் சொல்லிவிடுங்கள்."

"சொல்கிறேன். அவன் நினைப்பெல்லாம் சிம்மாசனத்தின் மேல்தான். குடிகள் எக்கேடு கெட்டாலும் கவலைப்பட மாட்டான். சுயபுத்தி கிடையாது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான்."

"நிச்சயந்தானே?"

"சூட்சுமக் கண் பொய் சொல்லாது!"

"தண்டனை?"

"அதேதான். கட்டைவிரல் இரண்டும்!"

கூத்தபிரான் மன்னர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"அரசே, கையை நீட்டுங்கள்."

குப்தானந்தர் அப்போதுதான் மன்னரின் விரல்களைப் பார்த்தார். எல்லாம் காவி. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அ... அரசே, இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பன்றி என்றால் வராக அவதாரம்..."

"அது யானை ஐயா!" என்று கத்தினார் மன்னர்.

கத்திய வேகத்திலேயே அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. தம் அசட்டுத்தனத்தை நினைத்து வெட்கமும் வந்தது. மருதையனை வரவழைத்துக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார். சூட்சுமக் கண்ணரைச் சுண்ணாம்பு அரைக்க அனுப்பினார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு மன்னர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூத்தபிரானே, ஒளிக்காமல் சொல்லும். இது யானை மாதிரி இருக்கிறதா, இல்லையா?"

கூத்தபிரான் தம் இரண்டு கைகளையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அரசே, எனக்கும் இருப்பது இரண்டே கட்டைவிரல்கள்தான்."