கால் சுற்று

நட்சத்திரங்கள் முக்கோணமாகத் தெரிந்தன.

தெய்வநாயகத்தின் தொலைநோக்கியில் மட்டும். மற்றவர்களுடையதில் எல்லாம் புள்ளியாகத்தான் தெரிந்தன. போன வருடம் மலைமேல் வானம் பார்ப்பவர்கள் கூடியபோது ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். அடுத்த தொலைநோக்கிக்கு நகர்ந்துவிட்டார்கள். மடக்கு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பெல்லாம் இரண்டு நாற்காலி கொண்டுபோவார்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயது. மனைவி மங்கையர்க்கரசி இறந்து பதினாறு மாதம். வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வருடத்தில் அந்த ஒரு ராத்திரிதான் நாலு பேர் அவரிடம் பேசுவார்கள்.

அதனால் இந்த வருடம் எல்லாவற்றையும் புதுப்பித்தார். குழாய்க்கு நீலப் பெயிண்ட். பித்தளைக்கு மெருகு. புதுக் கால்கள். மாடியில் நிறுத்திப் பார்த்தார்.

முக்கோணம்.

கூட்டத்துக்கு நாலு நாள் இருந்தது. வேனில் ஏற்றிக்கொண்டு மேரி டீச்சரின் பட்டறைக்குப் போனார். தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர்தான். அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். இருக்கட்டுமே, குரு குருதான்.

"டீச்சர், கண்ணாடி கெட்டுப்போச்சு. புதுசா தேய்க்கணும்."

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கே சார்."

"விளையாடாதீங்க. இது சரியாகலேன்னா நான் மலைக்குப் போகலை. போகலேன்னா, ஏன் வரலேன்னு கேட்கவும் ஆள் இல்லை."

தூரத்து மின்கம்பத்தின் பீங்கானில் சாயங்கால வெயில் ஒரு பொட்டாக மின்னியது. டீச்சர் குழாயை அதற்குத் திருப்பிப் பார்த்தார். பொட்டுக்கு மூன்று மூலை.

"கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற ஸ்குரூவை யார் முடுக்கினது?"

"நான்தான். ஒரு தடவை மலையில ஒருத்தன், 'சார், உள்ளே என்னமோ கடகடங்குது'ன்னு சிரிச்சான். அதிலேர்ந்து வருஷா வருஷம் கிளம்பறதுக்கு முந்தின நாள் இறுக்கிடுவேன்."

"எப்படி? கம்பத்துல கம்பி கட்டற மாதிரியா?"

"என் இறுக்கு உங்களுக்குத் தெரியாதா!" என்றார் பெருமையாக.

டீச்சர் அடிப்பக்கத்துப் பலகையைக் கண்ணாடியோடு கழற்றினார். பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இங்கே பெயிண்ட் அடிக்கலியா?"

"அங்கே யார் பார்க்கப் போறாங்க?"

"பென்சில்ல என்னமோ இருக்கே."

"தச்சன் அளவு குறிச்சதா இருக்கும்."

"மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க சார்."

படித்தார். 'தை, முதல் வருஷம். கால் சுற்று பின்னால்.' அதன் கீழே, 'தை, இரண்டாம் வருஷம். கால் சுற்று பின்னால்.' இப்படி ஒன்பது வரி. போன வருடத்துக்கு வரி இல்லை.

மளிகைச் சீட்டில் முப்பத்தைந்து வருடம் பார்த்த கையெழுத்து.

"எங்க வீட்லயா?" என்றார். "அவளுக்கு இதுல என்ன தெரியும்? தொடவே விடமாட்டேனே."

"நீங்க கத்துக்க வந்தப்போ பின்பெஞ்சுல டிபன் பாக்ஸை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. 'இறுக்கிப் பிடிச்சா கண்ணாடி நெளிஞ்சிடும், கால் சுற்று பின்னால விடணும்'னு நான் சொன்ன அன்னிக்கு, எழுந்து சந்தேகம்கூடக் கேட்டாங்க."

"நான் எங்கே இருந்தேன்?"

"வாசல்ல. உங்க குழாயை எல்லாருக்கும் காட்டிக்கிட்டிருந்தீங்க."

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேன் பேசிட்டு வரேன்னு நான் போவேன்," என்றார் மெதுவாக. "அந்த நேரத்துல செஞ்சிருக்கா."

டீச்சர் ஸ்குரூடிரைவரை அவர் கையில் வைத்தார். மூன்று ஸ்குரூ. எழுதியிருந்தபடி அவரே ஒவ்வொன்றையும் கால் சுற்று பின்னால் திருப்பினார். பலகையைப் பொருத்தினார்கள். டீச்சர் குழாயை லேசாக அசைத்தார். உள்ளே 'டக்' என்றது.

"ஆடுதே டீச்சர்."

"ஆடட்டும்."

குனிந்து பார்த்தார். பீங்கானில் ஒரே புள்ளி. ஊசிமுனை அளவு. வெயில் கம்பத்தைவிட்டுப் போகும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யார் சரி பண்ணினதுன்னு மலையில கேட்பாங்க. உங்க பேரைச் சொல்லிடட்டுமா?"

"நான் எங்கே தொட்டேன்? மங்கையர்க்கரசின்னு சொல்லுங்க."