அவுட் ஆனவன்

செண்பகவல்லி டீச்சரின் கபடி அணிக்குக் கோப்பைகளைவிடப் பெரிய பெருமை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து புகைத்த பையன்கள், ஒருநாள் நடுக்கோட்டு மண்ணைத் தொட்டு, இனி இல்லை என்றார்கள். அதன் பிறகு மூச்சு நீண்டது. பாடிப் போகிறவனின் குரல் கடைசிக் கோடு வரை அறுபடாமல் போயிற்று.

ஒரு மாலை, கேப்டன் நெல்சன் டீச்சரிடம் வந்தான்.

"டீச்சர், இசக்கி நேத்து குடிச்சிட்டான்."

"என்னத்தலே?"

"சிகரெட்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. ஒண்ணே ஒண்ணுதானாம்."

"நீ பாத்தியா?"

"இல்ல. அவனே நேத்து ராத்திரி வந்து சொன்னான். விட்டதுல இருந்து தூக்கம் வரலையாம், யாரப் பாத்தாலும் எரிச்சலா வந்துச்சாம்."

"உங்கிட்டயா வந்து சொன்னான்?"

"கேப்டன்கிட்டதான சொல்லணும்?"

டீச்சர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க டீச்சர். அவனத் தூக்கிருங்க. மாவட்டப் போட்டிக்கு அவன் வேண்டாம். சத்தியத்த மீறினவன எப்படிக் கூட வச்சுக்கிறது?"

டீச்சர் விசிலை ஊதி, பையன்களை இரண்டு பக்கமாகப் பிரித்தார். இசக்கியை நெல்சனின் பக்கம் நிறுத்தினார்.

இசக்கி பாடிப் போனான்.

"ஏலே, புகைவண்டி வருது, ஒதுங்குங்க!" என்று எதிர்ப்பக்கம் எவனோ கத்தினான்.

இசக்கியின் குரல் தடுமாறியது. அமுக்கிப் பிடித்துவிட்டார்கள். எழுந்து, யாரையும் பார்க்காமல் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தான்.

"பைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றார் டீச்சர்.

இசக்கி எழுந்தான்.

"டீச்சர்!" நெல்சன் ஓடிவந்தான். "எதுக்கு வீட்டுக்கு? அவுட்டுதான ஆகியிருக்கான்?"

"அவுட் ஆனவனுக்கு இங்க என்ன வேல?"

"என்ன டீச்சர், உங்களுக்கா ரூல் தெரியாது? நாங்க ஒரு பாயிண்ட் எடுத்தா அவன் உள்ள வருவான்ல!"

"தானா வர மாட்டானோ?"

"தானா எப்படி வருவான்? நாங்கதான் போய் எடுக்கணும்."

"எடுப்பியா?"

"பாருங்க."

நெல்சன் பாடிப் போனான். ஒருவனைத் தொட்டுத் திரும்பும்போது காலைக் கவ்விப் பிடித்தார்கள். புழுதியில் விழுந்தும் பாட்டு நிற்கவில்லை. மார்பால் ஊர்ந்து, பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டான்.

"இசக்கி, உள்ள வாலே!"

இசக்கி ஓடிவந்தான். அந்தப் பக்கம் முழுக்கக் கூச்சல்.

முழங்கை தோலுரிந்திருந்தது. நெல்சன் அதைத் துடைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீச்சரின் முன் வந்து நின்றான்.

"பாத்தீங்களா டீச்சர்? எங்க ஆள நாங்க வெளிய விட மாட்டோம்."

"பாத்தேன்" என்றார் டீச்சர். "அது அவனுக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் நேத்து நேரா உங்கிட்ட வந்திருக்கான்."