யாருக்கும் ஏங்காத முகம்

செண்பகா நகர்ப் பூங்காவில் வைக்க மூன்று பெண் சிலைகளைச் சிமெண்டில் செய்துகொண்டிருந்தாள் பவளக்கொடி. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, குடியிருப்போர் சங்கத் தலைவர் தண்டபாணி வந்து பார்த்து முகம் சுளித்தார்.

“என்னம்மா இது? மூணு பேரும் யாருக்கோ ஏங்கிக் காத்திருக்கிற மாதிரி இருக்காங்க. நம்ம நகர்ப் பெண்களுக்கு என்ன குறை? முகத்தை மாத்து. இல்லேன்னா இடிச்சுத் தள்ளிடுவேன்.”

“மாத்திடுறேங்க ஐயா. ஆனா இந்த நகர்ல நான் பார்த்த முகமெல்லாம் இப்படித்தான் இருக்கு. ஏக்கமில்லாத முகம் ஒண்ணைக் காட்டுங்க, பார்த்துச் செய்றேன்.”

“எங்க வீட்டுக்கே வா! என் சம்சாரத்தைப் பாரு” என்று தலைவர் அவளை அழைத்துப் போனார்.

வாசலில் கேட் கம்பியைப் பிடித்தபடி விசாலம் பஸ் ஸ்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் பக்கத்தில் வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“யாரைப் பார்க்கிறே?”

அவள் திடுக்கிட்டாள். “நம்ம கயல் மாதிரி ஒரு பொண்ணு இறங்கினா. அவ இல்லைங்க.”

தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட மகளை, வீட்டுப் படி ஏறக்கூடாதென்று விரட்டியவர் தலைவர்தான். அதற்கு மூன்று வருஷமாகிவிட்டது.

பவளக்கொடி மெதுவாகக் கேட்டாள்: “இந்த முகத்தையே வச்சிடட்டுங்களா ஐயா?”

தலைவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மனைவியிடம், “கயல் நம்பர் உன்கிட்ட இருக்கா?” என்று கேட்டார்.