பதினெட்டாயிரம் ரூபாய்ப் புத்தகம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். சாமி பேசுவதே கொஞ்சம். அதில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் விஷயம் வேறாகிவிடும். அதோடு, ஏற்கெனவே ஒரு தடவை நாற்பது பேர் முன்னால் இதைத் தப்பாகச் சொல்லியும் இருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சிவகாசிக்கு வெளியே ஒரு கரட்டு மலையடியில் சின்ன மடம் இருக்கிறது. அங்கே இருக்கும் சாமிக்கு வயது ஐம்பதுதான். காலையில் போய் மடத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது என் வேலை. அது முடிந்தால் கூடத்தில் உட்கார்ந்து வெடிக்குழாய் உருட்டுவேன். வெறும் காகிதக் குழாய். வெடிமருந்து அடைப்பது பட்டாசு ஆலையில். அது தெரிந்திருந்தும் அடுப்பை இரண்டு தடவை தண்ணீர் விட்டு அணைப்பேன்.

சாமியின் சீடர் தெய்வேந்திரன் அண்ணாச்சி. பெரிய அச்சகம் வைத்திருப்பவர். சாமியைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் வியாழக்கிழமை தவறாமல் வந்து தரையில் உட்காருவார். சாமியும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். குருவே இப்படிக் கூப்பிட்டால் எனக்கு எப்போது ஞானம் வரும் என்று ஒருநாள் அவர் குறைப்பட்டார். தம்பி என்று கூப்பிட்டால் வயசு குறையுமா என்று சாமி கேட்டார். அன்றைக்கு அண்ணாச்சி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கெட்ட மனுஷர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலண்டரோ டைரியோ, எந்த வேலை முடிந்தாலும் முதல் பிரதி சாமி காலடிக்கு வரும். சாமி அதில் சந்தனம் தொட்டு வைப்பார். அது திரும்பிப் போய் அச்சகத்துப் பூஜை மாடத்தில் ஏறிய பிறகுதான் லாரியில் சரக்கு ஏறும். ஒரு வருடம் சந்தனம் வைக்காமல் கிளம்பிய லாரி கயத்தாறு பக்கம் கவிழ்ந்தது. அதிலிருந்து லோடுமேன்கள் சந்தனம் பார்க்காத சரக்கைத் தொடுவதில்லை.

இது நடந்த வருடம் அண்ணாச்சிக்கு ஒரு வெளிநாட்டுப் புத்தக ஆர்டர் வந்தது. அந்தப் புத்தகம் அச்சாகி முடிவதற்கு முன்பே அதன் தாள்கள் என்னிடம் வந்துவிட்டன. எந்திரத்தில் கலர் சரியாகச் சேரும்வரை ஓடுகிற தாளெல்லாம் கழிவு. அது எடைக்கு விலையாகி எங்களைப் போன்றவர்கள் வீட்டில் குழாயாகும். அந்த மாதங்களில் வந்ததெல்லாம் ஒரே மாதிரிப் படம். கீழே தடித்த தண்டு, மேலே ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பொங்கிய குடை. ஏதோ காலிபிளவர் தோட்டத்துப் புத்தகம் என்று நினைத்தேன். வழுவழுப்பான பக்கத்தில் பசை பிடிக்காது. திட்டிக்கொண்டே உருட்டினேன்.

என் மகள் அங்காளேஸ்வரிதான் கீழே இருந்த இங்கிலீஷைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இது பூ இல்லை அம்மா, அணுகுண்டு. பெரிய பெரிய தேசத்துக்காரர்கள் கடலிலும் பாலைவனத்திலும் வெடித்துப் பார்த்தபோது எடுத்த படங்கள். சொல்லிவிட்டு, இதைப் போய்க் குழம்பு வைக்கலாம் என்று பார்த்தாயா என்று கேலி செய்தாள்.

அவள் வேலை பார்த்தது பட்டாசு ஆலையின் மருந்து அறையில். அவள் அப்பா பால்ச்சாமி பார்த்ததும் அதே வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் நாலாம் நம்பர் அறையோடு அவர் போனார். எங்களிடம் கொடுத்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எனக்குக் கை ஓடாது. மகளுக்கு அச்சகத்து பைண்டிங்கில் ஓர் இடம் கொடுங்கள் என்று ஒரு வருடமாக அண்ணாச்சியைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இந்த வெளிநாட்டு வேலை முடிகிற வெள்ளிக்கிழமை அவளை வரச் சொல் என்று ஒருவழியாகச் சொன்னார்.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, அண்ணாச்சி முதல் பிரதியைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு கைக்குழந்தை கனம் இருந்தது. துணி அட்டை, பொன் எழுத்து. சாமி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அந்த ஆரஞ்சுக்காக மட்டும் இரண்டு மாதம் எந்திரத்தோடு மல்லுக்கட்டியதை அண்ணாச்சி சொன்னார். வாங்குகிறவர்கள் படிக்க மாட்டார்களாம். வரவேற்பறை மேசையில் வைத்திருப்பார்களாம். ஒரு புத்தகம் பதினெட்டாயிரம் ரூபாய் என்றார். சொல்லும்போது குரல் இறங்கியது.

"சாமி, ஒண்ணு கேக்கணும். காகிதம், மை, கூலி எல்லாம் சேர்த்தாலும் ரெண்டாயிரம் தாண்டாது. மிச்சம் எதோட விலை?"

சாமி புத்தகத்தை மூடினார். என் பக்கம் திரும்பினார்.

"சீனியம்மா, வீட்டுல ஒரு போட்டோ இருக்குன்னு சொன்னியே. கொண்டா."

நாலாம் நம்பர் வெடித்த அன்று பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு வந்த ஸ்டூடியோக்காரர் மாடியில் ஏறி எடுத்த படம் அது. பிறகு ஒருநாள் தேடி வந்து எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். பூஜைப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஓடிப் போய் எடுத்து வந்தேன்.

சாமி அதை அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து அச்சுக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன லென்ஸை எடுத்துப் படத்தின் மேல் வைத்துக் குனிந்தார்.

"நல்ல ஷார்ப்பா இருக்கு. மஞ்சள்தான் கொஞ்சம் தூக்கல்."

"எங்க எடுத்தது, தெரியுதா அண்ணாச்சி?"

"மரம் தெரியுது. தீவுல வெடிச்சதா சாமி? நம்ம புத்தகத்துல இது வரலையே."

"சீனியம்மா, அவருக்குக் காட்டு."

நான் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்தேன்.

"இது நம்ம ஊர்ப் பனை, அண்ணாச்சி. அதுக்கு இடது பக்கம், இந்த ஆரஞ்சுக்குள்ள எங்க வீட்டுக்காரர் இருக்கார்."

அவர் லென்ஸை எடுக்கவில்லை. அதன் வழியாகவே என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி போட்டோவை வாங்கினார். அந்தப் பெரிய புத்தகத்தைத் திறந்து நடுவில் வைத்து மூடினார். இரண்டு கையாலும் எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தார்.

"மிச்சம் எதோட விலைன்னு கேட்டீங்களே."

அண்ணாச்சி மேலே ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சந்தனக் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. சாமி தொடவில்லை. கஞ்சி குடிக்காமல் அண்ணாச்சி எழுந்து போனார். அவர் கார் போகும்வரை எனக்கு ஒரே நினைப்புதான். மகளுடைய இடம் போயிற்று.

போகவில்லை. மறுநாள் காலையில் அங்காளேஸ்வரி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பத்து மணிக்கு அச்சகத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது.

அச்சகத்து வாசலில் லாரி நின்றது. கட்டுகள் அடுக்கியபடி இருந்தன. லோடுமேன்கள் கை கட்டி நின்றார்கள். பூஜை மாடத்தில் புத்தகம் இருந்தது. அதில் சந்தனம் இல்லை. மடத்தில் சந்தனக்கட்டை தேய்ந்துபோனதா என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவனும் குனிந்து புத்தகக் கட்டைத் தூக்கவில்லை. என் மகள் பைண்டிங் வரிசையில் பெண்களோடு உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தாள். வாசலை ஒட்டிய இடம். ஓடுவதென்றால் முதல் ஆளாக ஓடிவிடலாம். போனவுடன் அதைத்தான் பார்த்தேன்.

அண்ணாச்சி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நேத்து மடத்துல எங்களோட இருந்தவ நீ ஒருத்திதான். சாமி என்ன சொன்னாங்கன்னு நீயே சொல்லு, சீனியம்மா."

கேட்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மகள் கையைப் பார்த்தார்.

"சந்தனம் வச்சாங்க" என்றேன். "பட்டுத் துணி உரசி அழிஞ்சிருக்கும். நல்ல விலை போகும்னு சொன்னாங்க."

தேங்காய் உடைத்தார்கள். கட்டுகள் ஏறின. மகள் தலை நிமிரவே இல்லை. மாடத்தில் இருந்த புத்தகத்தின் நடுவில் போட்டோவின் வெள்ளை ஓரம் நூல் அளவு வெளியே தெரிந்தது. கையெட்டும் தூரம்தான்.

சாயங்காலம் மடத்துக்குப் போனேன். சாமி முறத்தில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கல் எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"மக எங்க உக்காந்திருக்கா?"

"வாசல் பக்கம், சாமி."

"நல்ல இடம்."

இன்னொரு கல்லை எடுத்துப் போட்டார்.

"போட்டோ?"

"புத்தகத்துக்குள்ளதான் இருக்கு."

"கேட்டியா?"

"கேக்கலை."

முறத்தை ஒரு தடவை புடைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணாச்சிகிட்ட சொல்லிரு. அந்த ஒரு பிரதிக்கு மட்டும் முழு விலையும் வந்து சேர்ந்துருச்சுன்னு."

அந்த விலையைக் கொடுத்தவள் நான் என்று புரிந்தது. அண்ணாச்சியிடம் நான் சொல்லவில்லை. மறுநாள் மூட்டு வலி என்று மடத்துக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னேன். இப்போது மடத்து அடுப்பை வேறொருத்தி பார்க்கிறாள். நான் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு குழாய் உருட்டுகிறேன்.