ராஜ வாகனத்துக்கு எது முன்பக்கம்?

சௌந்தரியைத் திருமலைக்கொழுந்து கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் அவருடைய தலைப்பாகையைத் தின்றுகொண்டிருந்தாள். பட்டத்து யானை என்பதால் யாரும் பிடுங்கத் துணியவில்லை. அன்று சாயங்காலமே அவள் சரிந்து விழுந்து இறந்தாள். காரணம் தலைப்பாகை அல்ல, வயதுதான் என்று வைத்தியர் கற்பூரம் அடித்துச் சொன்ன பிறகே கொழுந்துவின் உத்தியோகம் பிழைத்தது.

குன்றடி சமஸ்தானத்து ராஜாவுக்கு யோசனை சொல்வதும், அவர் முகம் வாடினால் சிரிக்க வைப்பதும்தான் அந்த உத்தியோகம். இப்போது ராஜாவின் முகம் நன்றாகவே வாடியிருந்தது. விஜயதசமிக்கு அம்பாரி ஏறி வீதியுலா போக வேண்டும். அம்பாரி இருக்கிறது, யானை இல்லை.

"என் மச்சினனிடம் ஒரு யானை விலைக்கு இருக்கிறது" என்றார் அரண்மனை நிர்வாகம் பார்க்கும் பேஷ்கார் திரியம்பகம்.

"போன தடவை உம்ம மச்சினன் கொடுத்த குதிரை படுத்தே இருந்ததே" என்றார் கொழுந்து. "மகாராஜா, யுத்தம் முடிந்து பட்டாளத்தார் வண்டிகளை ஏலம் விடுகிறார்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பிக்கப் வண்டி ஒன்று வந்திருக்கிறது. அதன் முதுகில் அம்பாரியை வைத்துவிடலாம்."

ராஜா வாங்கிவிட்டார். கொழுந்து வாய்திறந்து சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அவருடைய மகள் குழல்வாய்மொழி மலையுச்சியில் ஏலக்காய்த் தோட்டத்தில் நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டும். மழையோ மலைப்பாதையைச் சேறாக்கிவிட்டது. மாட்டுவண்டி ஏறாது, பஸ் ஏறாது. இந்த வண்டி ஏறும்.

அம்பாரியைப் பொருத்துவதற்காக வண்டியின் பின்தொட்டியைக் கழற்றினார்கள். அடியில் இரண்டு நீள இரும்புகள் சேர்ந்த சட்டம் வெளியே தெரிந்தது. பேஷ்கார் குனிந்தார், சாண்போட்டு அளந்தார், நேராக ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, மோசம் போனோம். யானைக்கு முன்னால் மத்தகம் அகலம், வால்பக்கம் ஒடுக்கம். இந்த வண்டியின் சட்டம் முன்னால் ஒடுங்கி, பின்னால் அகன்று கிடக்கிறது. ராஜா ஏறும் வாகனத்துக்கு முகம் சிறுத்திருந்தால் ஜனங்கள் என்ன பேசுவார்கள்?"

ராஜா வந்து பார்த்தார். முகம் சிவந்தது.

"ஓய் கொழுந்து, முன்பக்கத்தை வெட்டி அகலப்படுத்தும்."

டிரைவர் சவரிமுத்து கொழுந்துவின் காதருகே வந்தார். "ஐயா, முன்னாடி சட்டம் ஒடுங்கி இருக்கதே சக்கரம் உள்ளே மடங்கித் திரும்பத்தான். அகலமாக்கினா டயர் போய் இரும்புல முட்டும். வண்டி நேரா மட்டும்தான் போகும்."

மலைப்பாதையில் நேராகப் போகிற இடமே கிடையாது. கொழுந்து ராஜாவின் பக்கம் திரும்பினார்.

"மகாராஜா, அகலப்படுத்தினால் வண்டி திரும்பாதாம்."

"ராஜா எதற்குத் திரும்ப வேண்டும்?"

"ரத வீதிக்கு மூலைகள் உண்டே. திரும்பாமல் போனால் முதல் மூலையில் பேஷ்கார் வீட்டு வாசல். அடுப்பங்கரை வழியாகத்தான் வெளியே வர வேண்டும்."

ராஜா கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால் திரும்பவும் வேண்டும், முன்பக்கம் அகலமாகவும் இருக்க வேண்டும். விடிந்தால் விஜயதசமி. முடியாவிட்டால் இந்த வண்டி கொல்லன் உலைக்குப் போகும். நீரும் உம் ஊருக்குப் போகலாம்."

பேஷ்கார் மச்சினனுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் வண்டி நின்றது. சட்டத்தில் ஒரு வெட்டு இல்லை. அம்பாரி மட்டும் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சௌந்தரியின் நெற்றிப்பட்டம் அந்தப் பக்கமே தொங்கியது. புகைக்குழாய்க்குச் சிவப்புப் பட்டு சுற்றியிருந்தது.

"இது வண்டியின் பின்பக்கம்" என்றார் பேஷ்கார்.

"யார் சொன்னது?" என்றார் கொழுந்து. "அகலம் இங்கே இருக்கிறது. தும்பிக்கை மாதிரி குழாயும் இங்கேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஊரே இத்தனை நாளாக இந்த வண்டியை வால்பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தது."

"விளக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே?" என்றார் பேஷ்கார்.

"யானைக்குப் பின்னால் வெள்ளித்தடியோடு நடப்பது பேஷ்காரின் மரியாதை அல்லவா? உமக்கு வழி தெரிய வேண்டாமா?"

ராஜாவின் மீசை லேசாக அசைந்தது. ஆனாலும் விடவில்லை.

"எல்லாம் சரி. அந்தக் கோடிதான் வால் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

கொழுந்து தலையசைத்தார். சவரிமுத்து எஞ்சினுக்கு முன்னால் போய், அங்கே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கைப்பிடியைப் பிடித்து ஒரே முறுக்காக முறுக்கினார். வண்டி உறுமிக் கிளம்பியது.

"மகாராஜா," என்றார் கொழுந்து, "மூக்கை முறுக்கிக் கிளப்பிய மாட்டை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் கையில் விழுந்தது. அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அம்பாரி ஏறினார். சவரிமுத்து கழுத்தைத் திருகிக்கொண்டு ரிவர்ஸ் கியரிலேயே ரத வீதியைச் சுற்றினார். மூலைக்கு மூலை வண்டி அழகாகத் திரும்பியது. எஞ்சின் அனலை முகத்தில் வாங்கிக்கொண்டு பேஷ்கார் பின்னால் நடந்தார்.

"என்ன வேண்டும், கேளும்" என்றார் ராஜா, உலா முடிந்ததும்.

"வண்டி ஒரு நாள் வேண்டும். மகளை அழைத்து வர வேண்டும்."

"எடுத்துக்கொள்ளும். ஆனால் ராஜ வாகனம். முன்பக்கமாகத்தான் போக வேண்டும்."

ஆகவே அரண்மனை கண்ணுக்கு மறைகிற வரை வண்டி ரிவர்ஸிலேயே போயிற்று. மலையடியில் திருப்பிக்கொண்டு ஏறியது. அம்பாரியைக் கழற்ற நேரமில்லாததால் குழல்வாய்மொழி அதில் சாய்ந்தபடியே மலை இறங்கினாள். இரண்டு நாள் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது ராஜாவும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. வண்டியின் சட்டம் மட்டும் ஒரு மரக்கடையின் பின்னால் கிடக்கிறது. அதில் வெட்டுத்தடம் எதுவும் இல்லை.