கரி பூசிய ஓலை

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர் நூலகர். அவருக்கு வேறு யாரோ சொன்னார்களாம். அதனால் அரசன் பெயர் சரிதானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

வெகு காலத்துக்கு முன் செங்கால் நாட்டை மாறவேள் என்றோர் அரசன் ஆண்டான். காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுவான். யாராவது நினைவுபடுத்தினால் கோபம் வேறு வரும்.

ஓர் ஐப்பசி மழையில் பெரிய ஏரி உடைந்தது. உடனே அரசவைப் பிரபு மழவராயர் முரசறையச் செய்தார்: "மீன் பிடிப்பதற்காகக் கீழ்க்கரை உழவர்கள் ஏரிக்கரையை வெட்டிவிட்டார்கள். கார்த்திகை பிறக்குமுன் அவர்கள் நாட்டை விட்டுப் போகவேண்டும்!"

ஊர் நம்பிவிட்டது. அமைச்சர் கூத்தபிரான் நம்பவில்லை. கரையைப் பலப்படுத்த வைத்திருந்த கல்லை ஊஞ்சல் மண்டபத்துக்குத் திருப்பச் சொல்லி, கோடையில் மழவராயர் அரசனிடம் ஆணை வாங்கியது அவருக்கு நினைவிருந்தது. அந்த ஆணை அரண்மனை நூலகத்தில் இருந்தது. அவர் ஓலையை அவைக்கு வரவழைத்தார்.

உழவர்கள் சார்பில் இருளப்பன் வந்திருந்தான். "சாமி, மீனு எங்க வீட்டுக்குள்ளயே நீந்துது. அதுக்கு நாங்க கரைய வேற வெட்டணுமா?" என்றான்.

அரசன் ஓலையைப் புரட்டினான். "வெறும் ஓலை மாதிரி இருக்கிறதே, அமைச்சரே?"

"கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும், அரசே."

மழவராயர் குறுக்கே பாய்ந்தார். "பொய் ஓலை! எரித்துவிடலாம்."

"சரஸ்வதியை எரிப்பதா? பாவம்!" என்றான் அரசன்.

"அப்படியென்றால் கரியைப் பூசி அழித்துவிடுகிறேன்."

அமைச்சர் பதறி எழுந்தார். "ஐயையோ! எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், கரி மட்டும் பூசாதீர்கள்!"

அவர் பதறப் பதற மழவராயருக்கு உற்சாகம் கூடியது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தன் கையாலேயே அழுத்தி அழுத்திப் பூசினார். ஓலை கன்னங்கரேலென்று ஆனது.

"தீர்ந்தது!"

"தீர்ந்ததுதான்," என்றார் அமைச்சர். "அரசர் கையில் கரி ஒட்டாமல் ஒரு துணியால் துடைத்துக் கொடுங்கள்."

மழவராயர் துடைத்தார். எழுத்தாணி கீறிய பள்ளங்களில் கரி தங்கிவிட, எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அரசன் தன்னை மறந்து உரக்கப் படித்தான்: "மழவராயர் வேண்டியபடி, ஏரிக்கரைக் கல் ஊஞ்சல் மண்டபத்துக்கு..."



"இது நான் சொன்னதா?" அரசனின் குரல் இறங்கியிருந்தது. "நீரே கரி தடவிக் காட்டியிருக்கலாமே, அமைச்சரே?"

"நூலகத்தில் தை மாதம்தான் புது ஓலைகளுக்கு மை தடவுவார்கள், அரசே. முன்கூட்டி நான் தடவினால், நானே எழுதிக்கொண்டேன் என்பார் மழவராயர். அவர் நூலகத்துக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. அதை நம்பித்தான் இருந்தேன்."

அரசன் ஓலையை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "கீழ்க்கரைக்காரர்கள் எங்கும் போகவேண்டாம். ஊஞ்சல் மண்டபத்தைப் பிரித்துக் கரையைக் கட்டுங்கள். கல் என் சொல்லால்தான் போனது என்றும் முரசறையுங்கள். இனி நூலகக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். முரசில் கேட்டதை யார் வேண்டுமானாலும் அங்கே வந்து சரிபார்க்கலாம். கூத்தபிரானே, அதன் சாவி இனி உம்மிடம்."

மழவராயர் மெல்ல நழுவப் பார்த்தார்.

"நில்லும். தை மாதம் மை தடவுவது இனி உம்முடைய வேலை. நன்றாகத்தான் தடவுகிறீர்."

பிறகு சுவடிகளைப் பாதுகாக்கும் ஒருவரிடம் நான் விசாரித்தேன். அரசனைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஓலையில் கரி பூசித் துடைத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும் என்பது உண்மை.