குளத்து நீரைக் குடித்தது யார்?

காட்டுக் குளம் வற்றிக்கொண்டே வந்தது. கவலையோடு விலங்குகள் கரையில் கூடின.

"இந்த எருமைதான் குடித்துத் தீர்க்கிறது! வயிற்றைப் பாருங்கள்!" என்று கத்தியது நரி.

"ஐயோ, வயிற்றில் இருப்பது என் கன்று! நான் காலையும் மாலையும் குடிப்பதோடு சரி!" என்றது எருமை.

யாரும் கேட்கவில்லை. "நாளைக்கே காட்டை விட்டுப் போ!" என்றார்கள். அடுத்த குளம் மூன்று நாள் நடை. நிறைசினை எருமைக்குக் கண் கலங்கியது.

கரைப் பொந்தில் இருந்த நண்டுக்கு மனம் ஆறவில்லை. எதைக் கண்டாலும் "ஏன்?" என்று குடைகிற நண்டு அது. காலையில் எருமை குடித்துவிட்டுப் போன பிறகும் நண்டின் வாசலைத் தொட்டு நின்ற தண்ணீர், மாலையில் எருமை திரும்பி வருவதற்கு முன்பே ஒரு விரல்கடை இறங்கிவிட்டதே! அது எப்படி?

"ஒரே ஒரு நாள் பொறுங்கள்! ஒன்று செய்து பார்க்கிறேன்" என்றது நண்டு.

மறுநாள் விடிந்ததும் குரங்கு மூன்று பாறைக்குழிகளில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றியது. ஒரு குழி நிழலில். மற்ற இரண்டும் வெயிலில். வெயில் குழிகளில் ஒன்றை நண்டு தேக்கிலையால் மூடச் சொன்னது.

"நரியாரே, காவல் உங்களுடையது!"

நரி மார்பை நிமிர்த்தி உட்கார்ந்தது. நண்டுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. நிழல் நகர நகர எட்டி எட்டிப் பார்த்தது.

மாலையில் எல்லாரும் வந்தார்கள். நிழல் குழியில் தண்ணீர் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மூடாத வெயில் குழி வறண்டு கிடந்தது!

"இதை யார் குடித்தது?" என்று கேட்டது நண்டு.

"ஓர் ஈ கூட வரவில்லை! நான் கண்ணை எடுக்கவே இல்லையே!" என்று விழித்தது நரி.

குரங்கு தேக்கிலையைத் தூக்கியது. இலையின் அடியில் முத்து முத்தாக நீர்த்துளிகள்!

"கீழே இருந்த தண்ணீர் மேலே எப்படி ஏறியது?" என்றது குரங்கு.

நண்டு துள்ளியது. "ஆமாம், ஏறியிருக்கிறது! வெயிலில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகி மேலே போகிறது. இங்கே இலை தடுத்தது, திரும்பத் துளியாகிவிட்டது. குளத்துக்கு ஏது மூடி?"

நரி எருமையின் முன் தலை குனிந்தது. "அம்மா, என்னை மன்னித்துவிடு."

எருமை கரையில் இருந்த மருத மர நிழலுக்குப் போய், கொம்பாலும் குளம்பாலும் குளத்தின் ஓரத்தை ஆழமாகத் தோண்டியது. நரியும் வந்து மண்ணைத் தள்ளியது. நிழலில் தேங்கிய அந்தத் தண்ணீர் மழை வரும்வரை எல்லாருக்கும் போதுமாக இருந்தது. அதன் அருகிலேயே கன்றும் பிறந்தது.

காரணம் தெரியாதபோது பழிபோட ஆள் தேடக் கூடாது. சோதித்துப் பார்த்து உண்மையைத் தேட வேண்டும்.